புழுங்கல் அரிசியும் மருந்துச் சோதனையும்

மலேசியத் தமிழரிடையே மருந்து என்னும் சொல் தனித்து வழங்குவது அரிது. நாட்டு மருந்து என்பர். இல்லையேல் இங்கிலீஷ் மருந்து என்பர். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் உள்ள நாட்டு மருந்துக் கடைக்குப் போகிறவரே மறுநாள் அரசாங்க மருத்துவமனையின் வரிசையிலும் நிற்பார். இரண்டையும் உட்கொள்வதில் அவருக்குத் தயக்கமில்லை. ஆயின், இரண்டையும் மதிப்பிடும் அளவுகோல் மட்டும் வேறு வேறாக இருக்கின்றது. ஒன்றனை 'முன்னோர் சொன்னது' என்று ஏற்கின்றோம். மற்றதனை 'சோதித்துப் பார்த்தது' என்று ஏற்கின்றோம். நம் மருந்தைச் சோதிக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால், அது மேலைநாட்டார் நம் மரபை இழிவுபடுத்தச் செய்யும் சூழ்ச்சி என்று சினந்து பேசுவாரும் நம்மிடையே உளர்.

இவ்வாறு பேசுவோர், நாம் வாழும் கோலாலம்பூரின் வரலாற்றை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. தமிழரின் அடுப்பங்கரைப் பொருள் ஒன்று இந்நகரில் முறையாகச் சோதிக்கப்பட்டது. அச்சோதனையில் அது தோற்கவில்லை, வென்றது. அதனை எதிர்த்து நின்று தோற்றவை அன்றைய மேலை மருத்துவத்தின் பெரும்புள்ளிகள் சிலர் கொண்டிருந்த கருத்துகளே. அந்தப் பொருள் புழுங்கல் அரிசி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை அச்சுறுத்திய நோய்களுள் பெரிபெரியும் ஒன்று. கால்கள் மரத்துப் போகும், நடை தளரும், சிலருக்கு உடல் முழுவதும் வீங்கி, நெஞ்சு படபடத்து, சில நாள்களிலேயே உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இந்நோய்க்குப் பெருந்தொகையினராகப் பலியாயினர். சிறைகளிலும் மனநோயாளர் விடுதிகளிலும் அது குடிகொண்டிருந்தது. ஆனால், அதே தட்பவெப்பத்தில், அதே கொசுக்கடியில், பெரும்பாலும் அவர்களைவிடக் குறைந்த கூலிக்குத் தோட்டங்களிலும் இருப்புப் பாதையிலும் உழைத்த தமிழரிடையே பெரிபெரி அரிதாகவே காணப்பட்டது. தமிழர் வலிமை மிக்கவர் என்பது இதற்குக் காரணம் அன்று. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோன காலம் அது. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்தபோது அவ்வூரில் மலேரியா தலைவிரித்தாடியது என்பதும், சதுப்பு நிலங்களை வடித்தே அவர் அதனை அடக்கினார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. எல்லா நோய்க்கும் இலக்கான தமிழன் பெரிபெரிக்கு மட்டும் ஏன் தப்பினான்?

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்டு பிராடன் இக்கேள்வியை விடாது பற்றிக்கொண்டார். அவர் சோற்றுப் பானையை உற்று நோக்கினார். சீனர் உண்டது ஆலையில் தீட்டி வெண்மையாக்கப்பட்டுச் சயாமிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த பச்சரிசி. மலாய்க் கிராமத்தார் உண்டது அவ்வப்போது வீட்டிலேயே குற்றிய அரிசி. தமிழர் உண்டதோ இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கல் அரிசி. தீட்டிய பச்சரிசி நாட்பட்டுக் கிடக்கையில் அதில் ஒருவகை நஞ்சு சேர்கின்றது என்றும், அதுவே பெரிபெரிக்குக் காரணம் என்றும் பிராடன் வாதிட்டார். அவர் குறித்த குற்றவாளி சரியே. குற்றத்தின் தன்மைதான் தவறு. அது பின்னரே விளங்கிற்று.

பிராடன் கருத்தைப் பலர் ஏற்கவில்லை. 1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோற்றுவிக்கப்பட்ட நோய்க்குறி ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர். இன்றைய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தொடக்கம் அதுவே. ரைட் புடு சிறையில் ஆய்வு நடத்திப் பெரிபெரி ஒரு கிருமி நோய் என்றும், கிருமி தங்கிய கட்டடத்தில் வாழ்வோரை அது பற்றும் என்றும் எழுதினார். பாஸ்டரும் காக்கும் நுண்ணுயிர்களைக் கண்டு காட்டிய புதிது. எந்த நோயைப் பார்த்தாலும் அதன் பின்னே ஒரு கிருமியைத் தேடுவது அக்கால வழக்கம். நுண்பெருக்கியோடு அமர்ந்திருந்த ஆய்வாளரை விட்டுவிட்டுச் சோற்றுப் பானையைச் சுட்டும் ஒருவரை யார் நம்புவார்?

இவ்வழக்கைத் தீர்க்க முன்வந்தவர் கோலாலம்பூரில் மாவட்ட மருத்துவராக இருந்த வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் பிளெட்சர் ஒரு சோதனையைத் தொடங்கினார். விடுதியில் இருந்தோரை உணவுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருவர்க்கும் எண் இட்டார். ஒற்றைப்படை எண் பெற்றோர்க்குத் தீட்டிய சயாம் பச்சரிசிச் சோறு. அவர்கள் விடுதியின் கிழக்குப் பகுதியில் தங்கினர். இரட்டைப்படை எண் பெற்றோர்க்கு இந்தியப் புழுங்கல் அரிசிச் சோறு. அவர்கள் மேற்குப் பகுதியில் தங்கினர். அரிசியைத் தவிர்த்த மற்ற உணவு இரு சாரார்க்கும் ஒன்றே.

இதன் நுட்பத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலியோர்க்கு ஒன்று, மெலியோர்க்கு ஒன்று என்று மருத்துவரே பிரித்திருப்பாராயின், முடிவு எதுவாயினும் ஐயத்திற்கு இடமாகும். சீனரை ஒரு புறமும் தமிழரை மறுபுறமும் நிறுத்தியிருந்தால், இனத்தின் இயல்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி உண்டு. எண் இனம் பார்ப்பதில்லை. மேலும், கட்டடத்தில் கிருமி இருக்கின்றது என்னும் ரைட்டின் கொள்கையையும் அவர் விட்டுவிடவில்லை. சோதனையின் இடையில் இரு சாராரையும் இடம் மாற்றிவிட்டார்; கிழக்கில் இருந்தோர் மேற்கே சென்றனர், மேற்கில் இருந்தோர் கிழக்கே வந்தனர். அரிசி மட்டும் அவரவர்க்கு உரியதாகவே நீடித்தது. நோய் கட்டடத்தைச் சார்ந்ததாயின் அது கட்டடத்திலேயே தங்கியிருக்க வேண்டும். அது தங்கவில்லை, தீட்டிய அரிசியின் பின்னாலேயே சென்றது.

1906ஆம் ஆண்டின் இறுதியில் கணக்கு முடிக்கப்பட்டது. தீட்டிய அரிசி உண்டோர் 120 பேர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் பெரிபெரியால் தாக்குண்டனர், 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டோர் 123 பேர். நோய் கண்டோர் இருவர் மட்டுமே. அவ்விருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். மாண்டவர் எவருமிலர். இந்த முடிவு 1907ஆம் ஆண்டில் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று.

மருத்துவச் சோதனைகளின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் பிளெட்சரைப் போற்றுகின்றனர். போற்றுதற்குரியதே. ஆயினும் நாம் அந்தப் பதினெண்மரையும் மறந்துவிடுதல் ஆகாது. அவர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விளங்கிச் சொல்லும் நிலையில் பலர் இருந்திருக்க மாட்டார்கள். மனிதரை அவர் இசைவின்றிச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்னும் நூரம்பெர்க் நெறி 1947ஆம் ஆண்டில்தான் பிறந்தது. ஓராண்டுக் காலம், ஒரு பக்கத்தில் மட்டும் சாவு விழுந்துகொண்டிருந்தபோதும் சோதனை நீடித்தது. பச்சரிசிச் சோறே அவ்விடுதியில் முன்பும் பரிமாறப்பட்டது, ஆகவே புதிய தீங்கு எதுவும் இழைக்கப்படவில்லை என்று சிலர் சமாதானம் கூறுவர். அந்தச் சமாதானம் என் மனத்தை நிறைக்கவில்லை.

பிளெட்சர் தம் முடிவில் அடக்கம் காட்டினார். அரிசியில் நஞ்சு உளதோ, வேண்டிய சத்து இல்லையோ, எதுவென்று தம் சோதனை காட்டவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். அதனைத் தொடர்ந்தவர்கள் கோலாலம்பூர் ஆய்வுக் கழகத்தைச் சார்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும். நெகிரி செம்பிலான் காட்டில் சாலை அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளரிடையே அவர்கள் இதே ஒப்பீட்டை நடத்தினர், முடிவு மாறவில்லை. அதன்பின் அரிசியைத் தீட்டும்போது உதிரும் தவிட்டிலேயே நோயைத் தடுக்கும் பொருள் இருக்கின்றது என்று கோழிகளைக் கொண்டும் காட்டினர். 1910ஆம் ஆண்டில் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியை இடைவிடாது உண்பதே பெரிபெரிக்குத் தொடர்புடையது என்று தீர்மானித்தது. 1912ஆம் ஆண்டில் பங்க் என்னும் போலந்து நாட்டு வேதியியலார் இத்தகைய பொருள்களுக்கு 'வைட்டமின்' என்னும் பெயரை வழங்கினார். 1926ஆம் ஆண்டில் பத்தாவியாவில் இருவர் அதனைத் தவிட்டிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தனர். தயமின் என்று நாம் இன்று மாத்திரையில் வாங்குவது அதுவே.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அச்சத்து நீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகின்றது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றாகப் போவதில்லை. இவ்விடத்தில் நம்மவர் சிலர், 'பார்த்தீர்களா, நம் முன்னோர் அறிவியலை' என்று மார்தட்டக் கூடும். அவசரம் வேண்டா. நம் முன்னோர் நெல்லை அவித்தது குற்றும்போது அரிசி நொறுங்காமல் இருக்கவும், புழு வைக்காமல் நெடுநாள் தங்கவும். வைட்டமினை எண்ணி அன்று. மரபு ஒரு நன்மையைக் காரணம் அறியாமலே தன்னுள் பொதிந்து வைத்திருந்தது. கோலாலம்பூரில் எண்ணிட்டு நிறுத்திய மனிதர்களே அதன் காரணத்திற்கு வழி திறந்தனர். மரபு மட்டும் தனித்து நின்றிருந்தால், அவ்வரிசி தமிழன் தின்னும் நாற்றமடிக்கும் அரிசி என்னும் ஏளனத்தோடே நின்றிருக்கும். இன்று நம்முள் பலரும் மல்லிகைப்பூப் போன்ற வெள்ளரிசிக்கு மாறிவிட்டு, நீரிழிவு கண்டபின் மருத்துவர் சொல்லக் கேட்டுப் புழுங்கல் அரிசி தேடி அலைகின்றோம் என்பது தனிக் கதை.

பிளெட்சரின் சோதனை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே சிலாங்கூரிலும் அண்டை மாநிலங்களிலும் மற்றொரு மருந்து மக்கள் வாயில் புகழ் பெற்றது. அபினிப் பழக்கத்தை ஒழிக்கும் காட்டுக்கொடி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பது செய்தி. கொம்பிரீத்தும் சுந்தாயிக்கும் என்பது அதன் தாவரவியற் பெயர். அதன் இலையை வறுத்துக் காய்ச்சிய கசாயத்தை வாங்க, 1906, 1907ஆம் ஆண்டுகளில் அபினிக்கு அடிமையான சீனர்கள் திரள் திரளாக வந்தனர். அபினி எதிர்ப்பு அன்பர்கள் அதனை இலவசமாக வழங்கினர். குணமடைந்தோம் என்று கூறியவர் ஏராளம். வேதியியலார் அவ்விலையைப் பகுத்துப் பார்த்தபோதோ துவர்ப்புச் சத்தைத் தவிரக் குறிப்பிடத்தக்க எதுவும் தென்படவில்லை.

அங்ஙனமாயின் குணமடைந்தோர் பொய்யரா? அல்லர். மருந்தைக் கொடுத்த முறையில் விடை இருந்தது. கசாயம் இரு புட்டிகளில் தரப்பட்டது. ஒரு புட்டியில் நோயாளி வழக்கமாகக் கொள்ளும் அபினியைக் கலக்க வேண்டும். அதிலிருந்து ஒருவேளை மருந்து அருந்தியதும், அருந்திய அளவுக்கு இரண்டாம் புட்டியிலுள்ள வெறுங்கசாயத்தை முதற் புட்டியில் ஊற்றி நிரப்ப வேண்டும். நாள்தோறும் அபினி அவர் அறியாமலே நீர்த்துக்கொண்டு போகும். முடிவில் வெறுங்கசாயமே எஞ்சும். இலை வேலை செய்ததா, சிறுகச் சிறுகக் குறைத்த முறை வேலை செய்ததா என்பதை அறிய வழி ஒன்றே: பாதிப் பேருக்கு அக்கசாயத்தையும், பாதிப் பேருக்குத் தேயிலை நீரையும் அதே முறையில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். அதனைச் செய்யாமல் இலையைப் புகழ்ந்தனர். பின்னர் இலையை மறந்தனர். இலையோடு சேர்ந்து அந்த முறையும் மறக்கப்பட்டது. புடு சிறையில் பெரிபெரிக் கிருமியைத் தேடிய ஹாமில்டன் ரைட்டே பின்னர் அமெரிக்க அரசின் அபினி ஆணையராகி, 1909ஆம் ஆண்டில் ஷாங்காய் அபினி மாநாட்டில் கலந்துகொண்டார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இங்கிலீஷ் மருந்து என்று நாம் சொல்லும் மருந்துக்கும் கோலாலம்பூர் சோதனைக்களமாக இருந்திருக்கின்றது. புதரில் வாழும் சிற்றுண்ணியின் கடியால் பரவும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சல், சிலாங்கூரின் செம்பனைத் தோட்டங்களில் பாட்டாளிகளை வாட்டி வந்தது. இதனை மலாயாவில் வேறுபிரித்துக் காட்டியவர்களுள் அதே பிளெட்சரும் ஒருவர். இவ்வாய்வில் லியூத்வெயிட்டோடு உழைத்த சவூர் என்னும் இந்திய ஆய்வாளரின் பெயரை நம்முள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கின்றோம்? 1948ஆம் ஆண்டில், வெனிசுலா மண்ணின் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெற்ற குளோரோமைசிட்டின் என்னும் புதுமருந்தோடு அமெரிக்க மருத்துவர் ஸ்மேடல் குழுவினர் கோலாலம்பூர் வந்தனர். மருந்து பெற்ற நோயாளிகளையும் பெறாத நோயாளிகளையும் ஒப்பிட்டனர். மருந்து பெற்றோர்க்குக் காய்ச்சல் விரைவில் தணிந்தது. ஸ்கரப் டைபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு, அவர்களும் தேறினர். அதுவரை வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து பிழைத்தால் பிழைக்கும் நோயாக இருந்த டைபாய்டுக்கு மருந்து உண்டு என்பது உலகிற்கு இந்நகரிலிருந்தே தெரியவந்தது. அதே மருந்து, மிகச் சிலருக்கு எலும்பு மச்சையைப் பாழாக்கிக் குருதி ஊறுவதையே நிறுத்திவிடும் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் வெளிப்பட்டது. சில பத்து நோயாளிகளிடம் நடத்தும் சோதனையில், பல்லாயிரத்தில் ஒருவரைத் தாக்கும் தீமை தென்படாது. ஆகவே இங்கிலீஷ் மருந்துக்கும் ஒரு சோதனையோடு வேலை முடிவதில்லை.

நம் மூலிகைக்கு வருவோம். காமாலைக்குக் கீழாநெல்லி என்பதைத் தமிழ்க் குழந்தையும் அறியும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராசன் குழுவினர், ஹெப்பாடைடிஸ் பி கிருமியைக் கண்டமைக்காக நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கின் ஒத்துழைப்போடு, அக்கிருமியை உடலில் நெடுநாள் சுமந்திருந்தோர்க்குக் கீழாநெல்லிப் பொடியை நாளுக்கு மும்முறை 200 மில்லிகிராம் வீதம் 30 நாள் கொடுத்தனர். மற்றொரு சாரார்க்கு மருந்தற்ற பொடியைக் கொடுத்தனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேர் குருதியில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மற்ற சாராரில் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. 1988ஆம் ஆண்டில், பிளெட்சரின் கட்டுரை வந்த அதே 'லான்செட்' இதழில் இம்முடிவு வெளியாயிற்று. தமிழுலகம் மகிழ்ந்தது. ஆயின் அதன்பின் தாய்லாந்திலும் ஹாலந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்நற்பயன் கிட்டவில்லை.

சென்னை முடிவு தற்செயலா? அன்றி, பின்னையோர் பயன்படுத்திய இலை அதே இலை அன்றா? கீழாநெல்லி என்று பறிக்கப்படும் செடிகளில் உருவொத்த பல இனங்கள் உள. விளைந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை ஆகியவற்றால் சத்து வேறுபடும். புட்டியில் இருப்பது இன்னது, இவ்வளவு என்று வரையறுக்காமல் அது பயன் தருமா என்று கேட்பது வீண். தரம் முதற்படி, பயன் அடுத்த படி. ஒரே நெல், அவித்தால் உயிரைக் காத்தது, அவியாமல் தீட்டினால் உயிரைக் குடித்தது என்று பிளெட்சர் காட்டியதும் இதுவே அல்லவா?

இந்நாட்டில் முதற்படி எடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது. 1978ஆம் ஆண்டில் பெட்டாலிங் ஜெயாவில் அரசின் மருந்தாய்வுக்கூடம் எழுந்தது. 1984ஆம் ஆண்டின் மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி மருந்துகளைப் பதிவு செய்தல் கட்டாயமாயிற்று. 1992ஆம் ஆண்டு முதல் மரபு மருந்துகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. பதிவுக்கு வரும் மூலிகை மாத்திரை வயிற்றில் உரிய நேரத்திற்குள் கரையுமா, பூஞ்சையும் கெட்ட கிருமியும் அளவு மீறியுள்ளனவா, கன உலோகங்கள் உள்ளனவா என்றெல்லாம் பார்க்கின்றனர். ஈயம் பத்து இலட்சத்தில் 10 பங்கிற்கும், பாதரசம் அரைப் பங்கிற்கும் மேற்படலாகாது. மூட்டுவலிக்கு என்று விற்கும் பொடியில் ஸ்டீராய்டு மருந்தைத் திருட்டுத்தனமாகக் கலப்போரையும் இந்த ஆய்வே பிடித்துக் கொடுக்கின்றது. உண்ட மறுநாளே வலி பறந்தது என்று வியக்கப்படும் 'மூலிகை' எதுவாயினும் அதன்மேல் முதலில் ஐயம் கொள்வதே அறிவுடைமை.

பாதரசத்தின் அளவு குறித்துச் சித்த மருத்துவர்க்கு மனக்குறை உண்டு. முறைப்படி சுத்தி செய்து முடித்த செந்தூரத்தில் நஞ்சு இராது என்பது அவர்கள் வாதம். 2004ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர்க் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைப் பகுத்தாய்ந்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ காணப்பட்டது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுத்தி நஞ்சை நீக்குமாயின், நீக்குகின்றது என்பதைக் காட்டுவதும் அரிதன்று. உலோகத்தை அளக்கும் கருவி சித்தருக்கு ஒரு நீதி, மற்றவர்க்கு ஒரு நீதி என்று காட்டாது.

இரண்டாம் படிதான் இன்னும் பெரும்பாலும் ஏறப்படாமல் கிடக்கின்றது. பதிவு பெற்ற மருந்தின் உறையில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும். மரபு மருந்தாயின் அது 'டி' என்னும் ஆங்கில எழுத்தில் முடியும். அவ்வெண்ணைக் கண்டதும், அரசாங்கமே இதனைச் சோதித்து இந்நோய் தீரும் என்று ஒப்புக்கொண்டுவிட்டது என்று நம் மக்கள் எண்ணுகின்றனர். கடைக்காரரும் அவ்வாறு எண்ணுவதைத் தடுப்பதில்லை. உறையில் மலாய்மொழியில் இருக்கும் வாசகமோ, இன்ன குறைக்கு 'மரபாகப் பயன்படுத்தப்படுவது' என்று மட்டுமே கூறுகின்றது. பொருள் தூய்மையானது, நஞ்சற்றது என்பதற்கு அந்த எண் சான்று. நோயைத் தீர்க்கும் என்பதற்கு அன்று. 2016ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டமும் மருத்துவம் செய்வோரைப் பதிவு செய்து நெறிப்படுத்துகின்றதே அன்றி, மருந்தின் பயனை அளந்து சொல்வதில்லை. நீரிழிவுக்கு ஊசியை நிறுத்திவிட்டுச் சூரணத்தை நம்புகின்றவர், அந்த 'டி' எழுத்தையும் 'மரபாக' என்னும் அச்சொல்லையும் படித்துவிட்டே அம்முடிவுக்கு வருகின்றாரா என்பதைத் தோட்டத்து டிரஸ்ஸர்களாய்ப் பணியாற்றிய நம் மூத்தோரிடமும், கிள்ளான் மருத்துவமனையில் கால் இழந்தோர் படுக்கைகளின் அருகே நிற்கும் தாதியரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.